காத்து ஜாஸ்தி, பெட்ரோல் கம்மி

அரூரிலிருந்து சேலத்துக்குச் சுமார் 60 கிலோமீட்டர். வழியில் மஞ்சவாடி கணவாய் வரும். ஒரு காரின் எரிபொருள் வழியில் குறை இருந்தால், கருவி எதுவும் இல்லாமலே அதைக் காட்டிக்கொடுக்கும் இடம் அது. ‘ப்ளெய்ன்ல நல்லாத்தாங்ண்ணா போகுது, மேட்டுல மட்டும் இழுக்க மாட்டேங்குது. மிதிச்சா தும்முது’ என்று பட்டறையில் வந்து சொல்கிற ஓட்டுநர், தனக்குத் தெரியாமலே நோயின் பெயரைச் சொல்லிவிடுகிறார். சமதளத்தில் எஞ்சினுக்குக் கொஞ்சம் பெட்ரோல் போதும். ஏற்றத்தில் நிறைய வேண்டும். வேண்டிய அளவு வராதபோது சிலிண்டருக்குள் காற்று மிகுந்து பெட்ரோல் குறைகிறது. இதைத்தான் பொறியியல் புத்தகம் ‘லீன்’ கலவை என்கிறது. பட்டறை மொழியில் ‘காத்து ஜாஸ்தி, பெட்ரோல் கம்மி’.

1 கிலோ பெட்ரோல் முழுதாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். லிட்டர் கணக்கில் சொன்னால் மலைப்பாக இருக்கும். ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 9,000 லிட்டருக்கும் மேலான காற்று. நாம் பெட்ரோலுக்குக் காசு கொடுக்கிறோம், காற்று இலவசம். ஆனால் எஞ்சின் உள்ளே இழுப்பதில் பெரும்பகுதி காற்றுதான். எஞ்சின் முழுச்சக்தியோடு இழுக்க வேண்டுமென்றால் 12.5, 13க்கு 1 என்ற கொழுத்த கலவை வேண்டும். சிக்கனமாக ஓட 15.5, 16 வரை போகலாம். அதற்கும் மேலே காற்று கூடினால் நெருப்பு சோம்பிவிடும், மெதுவாக எரியும். வெளியேற்றும் வால்வு திறக்கிற நேரத்திலும் எரிந்துகொண்டே இருக்கும். அந்தச் சூட்டில் வால்வின் விளிம்பு கருகும். சில சமயம் நெருப்பு பின்னோக்கிப் பாய்ந்து கார்புரேட்டர் வழியே ‘டப்’ என்று வெடிக்கும். ஓட்டுநர் சொன்ன தும்மல் அதுதான்.

அடைப்பு, ஓட்டை, தேய்மானம் என்று இதற்கு எந்திரக் காரணங்கள் பல உண்டு. ஆனால் கடந்த எண்பது வருட வரலாற்றைப் பார்த்தால், நம் ஊர் எஞ்சின்களில் கலவை மாறியதற்கும் மெலிந்ததற்கும் எந்திரத்துக்கு வெளியே இருந்த காரணங்களே பெரியவை. போர், எண்ணெய் விலை, நீதிமன்றம், கடைசியாகக் கரும்பு. ஒவ்வொரு தடவையும் அந்த மாற்றத்தைப் படித்துப் புரிந்துகொள்ள வேண்டியிருந்தது சின்ன ஊர்ப் பட்டறைக்காரர்தான்.

*

முதலில் போர். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் ரேஷனுக்குப் போனதும் தமிழகத்துப் பேருந்துகள் கரிக்கு மாறின. மதுரை டி.வி.எஸ். நிறுவனம் இதற்கென்றே ஒரு கேஸ் பிளான்ட்டைத் தயாரித்து விற்றது. வண்டியோடு ஒரு உயரமான இரும்பு உருளை சேர்ந்திருக்கும். அதில் அடுப்புக்கரியைப் போட்டு, போதாத காற்றில் புகைய விடுவார்கள். வருகிற கார்பன் மோனாக்சைடும் கொஞ்சம் ஹைட்ரஜனும்தான் எரிபொருள். அந்த வாயுவில் ஏறக்குறைய பாதி நைட்ரஜன், அது எரியாது. அதனால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சக்தி போய்விடும். மேடு வந்தால் பயணிகள் இறங்கித் தள்ளிய கதைகளைப் பழைய தலைமுறையினர் நிறையச் சொல்வார்கள்.

கலவையைப் பற்றிய பாடம் இந்தக் கரி பஸ்ஸிலேயே தொடங்கிவிட்டது. பெட்ரோலில் கார்புரேட்டர் தானாகச் செய்கிற வேலையைக் கரி வாயுவில் ஓட்டுநர் கையால் செய்ய வேண்டும். வாயுவும் காற்றும் ஏறக்குறைய சமபங்கு. கரி ஈரமாக இருந்தாலோ, வடிகட்டியில் சாம்பல் சேர்ந்தாலோ வாயு குறையும். ஓட்டுநர் காற்று வால்வைக் கொஞ்சம் மூட வேண்டும். எஞ்சின் சத்தத்தைக் காதில் வாங்கி, கையால் காற்றைத் திருத்துவது என்ற பழக்கம் பலருக்கு அப்போதுதான் வந்தது.

தருமபுரிப் பக்கத்துக்குப் போர் இன்னொன்றையும் செய்தது. அரூருக்குப் பக்கத்து ரயில் நிலையமான மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906-ல் ஒரு குறுகிய ரயில் பாதை போடப்பட்டது. பிறகு ஓசூர் வரை நீண்டது. போர்க்காலத்தில் அது மூடப்பட்டது. அதற்குப் பிறகு இந்த வட்டாரத்தின் புளியும் மஞ்சளும் மரவள்ளியும் சாலையை நம்பியே நகர வேண்டியதாயிற்று. சாலையை நம்புவது என்றால் பட்டறையை நம்புவது.

*

சுதந்திரத்துக்குப் பிந்தைய முப்பது ஆண்டுகள் காதின் காலம். நாட்டில் மூன்று கார்கள்தான். உத்தரபாராவில் அம்பாசிடர், பம்பாய் குர்லாவில் ஃபியட் (பின்னால் அதுவே பிரீமியர் பத்மினி ஆனது), சென்னைக்கு வெளியே பெருங்களத்தூரில் 1961 முதல் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். மூன்றையும் பழுது பார்க்கத் தெரிந்தால் எல்லாக் காரையும் பார்க்கத் தெரிந்த மாதிரி.

அம்பாசிடரில் இருந்த எஸ்.யூ. கார்புரேட்டர் ஒரு நல்ல ஆசிரியர். அதற்குள் ஒரு பிஸ்டன், அதன் அடியில் கூம்பிய ஊசி. காற்று எவ்வளவு போகிறதோ அவ்வளவுக்குப் பிஸ்டன் எழும்பும், ஊசி மேலேறும், பெட்ரோல் வழி அகலும். கலவை சரியா என்று பார்க்க ஒரு எளிய சோதனை உண்டு. எஞ்சின் ஐடிலில் ஓடும்போது பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக, நூலளவு தூக்கிவிட வேண்டும். எஞ்சின் வேகமெடுத்து அப்படியே நின்றால் பெட்ரோல் ஜாஸ்தி. லேசாக வேகமெடுத்து மறுபடி பழையபடி அடங்கினால் சரி. தடுமாறி அணையப் பார்த்தால் பெட்ரோல் கம்மி. எஞ்சினிடம் ஒரு கேள்வி கேட்டு, அது சொல்லும் பதிலைக் காதால் கேட்பதுதான் இது.

இன்னொரு கேள்வி சோக். சூடான எஞ்சினில் சோக்கைக் கொஞ்சம் இழுத்தால் வண்டி மூச்சடைக்க வேண்டும். அதற்கு மாறாக ஓட்டம் சீராகிவிட்டால், அது பெட்ரோலுக்கு ஏங்கிக்கொண்டிருந்தது என்று அர்த்தம். மூன்றாவது சாட்சி ஸ்பார்க் பிளக். கழற்றிப் பார்த்தால் பிஸ்கட் நிறம் என்றால் நலம். கரி பிடித்திருந்தால் பெட்ரோல் மிச்சம். வெள்ளையடித்த மாதிரி வெளுத்திருந்தால் காற்று ஜாஸ்தி. அதுவும் நாலு பிளக்கில் ஒன்று மட்டும் வெளுத்திருந்தால் விஷயம் கார்புரேட்டரில் இல்லை. அந்த சிலிண்டருக்குப் போகும் மேனிஃபோல்டு கேஸ்கெட்டில் எங்கோ காற்று இழுக்கிறது. இணைப்பில் நாலு சொட்டு ஆயில் விட்டால் எஞ்சின் சத்தம் மாறும், ஓட்டை பிடிபட்டுவிடும்.

சித்திரை வெயிலில் இன்னொரு வகை வரும். எஞ்சின் சூட்டில் குழாய்க்குள் பெட்ரோலே ஆவியாகி, பம்ப் வெறும் ஆவியை இழுக்கும். ‘ஏர் லாக்’ என்பார்கள். பம்ப்பின் மேல் ஈரத்துணியைச் சுற்றிவிட்டு, சாலையோரப் புளியமரத்தடியில் பத்து நிமிஷம் நிற்பதுதான் வைத்தியம்.

இந்த அறிவு எதுவும் எழுதி வைக்கப்படவில்லை. பையனாகச் சேர்ந்து, ‘பன்னெண்டு பதிமூணு ஸ்பேனர எடுறா’ என்ற அதட்டலுக்கு ஓடி, மண்ணெண்ணெயில் ஜெட் கழுவி, மேஸ்திரி எங்கே காது வைக்கிறார் என்று பார்த்துப் பார்த்து வந்தது. அதன் குறையையும் சொல்ல வேண்டும். பெட்ரோல் கொஞ்சம் கூடுதலாகப் போனால் எஞ்சின் மெத்தென்று ஓடும், காதுக்கு இதமாக இருக்கும். புகைக்குழாயில் போகும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. காது அதைக் கேட்காது.

*

இரண்டாவது தடவை வண்டிக்காரர்களே காசு கொடுத்துக் கலவையை மெலிய வைத்தார்கள். 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. பீப்பாய் 3 டாலரை ஒட்டியிருந்த கச்சா எண்ணெய், 1974 தொடக்கத்தில் 12 டாலரைத் தொட்டது. பெட்ரோல் விலை ஏறியது. எரிபொருள் சிக்கனத்துக்கென்றே 1978-ல் மத்திய அரசு பி.சி.ஆர்.ஏ. என்ற அமைப்பை உண்டாக்கியது.

பட்டறையில் கோரிக்கை ஒன்றேதான்: ‘மைலேஜ் வர்ற மாதிரி டியூன் பண்ணிக் குடுங்க.’ ஜெட்டை ஒரு சைஸ் குறைப்பது, எஸ்.யூ. கார்புரேட்டரில் ஜெட் நட்டை ஒரு முகம் மேலே திருகுவது, இவையெல்லாம் சில நிமிட வேலை. கிலோமீட்டர் கூடும், வாடிக்கையாளருக்குச் சந்தோஷம். சில மாதம் கழித்துக் கருகிய வால்வோடு வண்டி திரும்பி வரும். சேமித்த பெட்ரோல் காசைவிட ஹெட் இறக்கும் செலவு கூடுதல். ஆனால் அந்தச் செலவு ஒரே நாளில் வருவது, பெட்ரோல் காசு தினமும் போவது. தினக்கூலிக் கணக்கில் வாழ்கிற டாக்ஸிக்காரர் எதைத் தேர்ந்தெடுப்பார்? அவரை அறியாதவர் என்று சொல்லிவிட முடியாது. நாளை நடக்கப்போகும் பழுதை இன்றைய வாடகைக்கு அடகு வைத்தார், அவ்வளவுதான்.

நோயறிதலில் இதனால் ஒரு புதுக் கேள்வி சேர்ந்தது. எஞ்சினைக் கேட்பதற்கு முன் ஆளைக் கேட்க வேண்டும்: ‘இதுக்கு முந்தி யாராச்சும் ஜெட்ட மாத்துனாங்களா?’ இந்தக் கேள்வியைக் கேட்காமல் கார்புரேட்டரைப் பிரித்தவர்கள் அடைப்பே இல்லாத ஜெட்டில் அடைப்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

*

மூன்றாவது தடவை சட்டம் வந்தது. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபோதும் அதில் கார்புரேட்டர்தான். அதற்காகவே 1985-ல் ஜப்பானின் மிகுனியோடு சேர்ந்து யூகால் நிறுவனம் தமிழகத்தில் உருவானது. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் சான்ட்ரோ எம்.பி.எஃப்.ஐ.யோடு வந்தது, அதாவது ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி ஊசிக்குழாய். 1999 ஏப்ரலில் டெல்லிப் புகை வழக்கில் உச்ச நீதிமன்றம் தலைநகர் வட்டாரத்துக்கு யூரோ விதிகளை விரைவுபடுத்தியது. 2000-ல் முதல் கட்ட விதி நாடு முழுக்க அமலானது. ஈயம் கலந்த பெட்ரோல் அதே ஆண்டோடு நின்றது. கார்புரேட்டரின் காலம் முடிந்தது.

காரணம் புகைக்குழாயில் பொருத்திய வினையூக்கி மாற்றி. அது மூன்று நஞ்சுகளையும் ஒருசேரச் சுத்தம் செய்ய வேண்டுமென்றால் கலவை 14.7-ஐ ஒட்டியே நிற்க வேண்டும். திருகாணியால் அதைப் பிடித்து வைக்க முடியாது. இதற்கு விடையாக பாஷ் நிறுவனம் உருவாக்கிய லாம்டா சென்சார், 1976-ல் வோல்வோ கார்களில் முதலில் வந்தது. சிர்கோனியா என்ற பீங்கான், 300 டிகிரிக்கு மேல் சூடானால் இரு பக்கத்து ஆக்சிஜன் வித்தியாசத்தை மின்னழுத்தமாக்கும். புகையில் ஆக்சிஜன் மிச்சமிருந்தால் 0.1 வோல்ட்டை ஒட்டி நிற்கும், இல்லையென்றால் 0.9. வால்தர் நெர்ன்ஸ்ட் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கண்ட சமன்பாடு, இப்போது காரின் புகைக்குழாயில் நொடிக்கு நொடி வேலை செய்கிறது.

இதில் ஒரு சங்கடம் உண்டு. இ.சி.யூ. என்ற கணினி, கலவை மெலிந்தால் தானே கூடுதலாகப் பெட்ரோல் ஊற்றிச் சரி செய்துவிடும். நோய் இருக்கும், ஆனால் அறிகுறி இருக்காது. பம்ப் மெல்ல மெல்லச் சோர்ந்தாலும் வண்டி சாதாரணமாக ஓடும். திருத்தம் 20, 25 சதவீதத்தைத் தொட்டு, இனி முடியாது என்று கணினி கைவிடும்போதுதான் மஞ்சள் விளக்கு எரியும், பி0171 என்ற குறியீடு பதிவாகும். அப்போது காதால் கேட்பவருக்குக் கேட்க எதுவும் மிச்சமில்லை. முதல் தடவையாகக் காது தோற்றது.

ஆனால் மேஸ்திரியின் தர்க்கம் தோற்கவில்லை. ஸ்கேனரில் தெரியும் ‘ஃபியூல் டிரிம்’ எண், கணினி எவ்வளவு பெட்ரோல் கூட்டுகிறது என்பதன் சதவீதம். அதை ஐடிலில் ஒருமுறை, 2,500 சுற்றில் ஒருமுறை, ஏற்றத்தில் ஒருமுறை பார்க்க வேண்டும். ஐடிலில் நிறையக் கூட்டி, வேகமெடுத்ததும் குறைந்தால் எங்கோ காற்று ஓட்டை. ஓட்டையின் அளவு மாறாது, மொத்தக் காற்று கூடும்போது அதன் பங்கு சிறுத்துவிடும். ஐடிலில் சரியாக இருந்து சுமை ஏற ஏறக் கூடினால் பெட்ரோல் போதவில்லை. பம்ப், ஃபில்டர், அடைத்த இன்ஜெக்டர் என்று பார்க்க வேண்டும். பிரஷர் கேஜ் மாட்டினால் பல கார்களில் 3 பார் ஒட்டி நிற்க வேண்டும். மஞ்சவாடி ஏற்றம் கற்றுக் கொடுத்த பாடம்தான் இது, எண்ணாக மாறி வந்திருக்கிறது.

ஸ்கேனரும் பொய் சொல்லும். சென்சாருக்கு முன்னால் புகைக்குழாயில் விரிசல் இருந்தால் வெளிக்காற்று நுழையும். ஒரு சிலிண்டரில் பொறி விழாவிட்டால் எரியாத ஆக்சிஜன் அப்படியே வரும். இரண்டையும் சென்சார் ‘லீன்’ என்றே சொல்லும், ஏனென்றால் அது பார்ப்பது பெட்ரோலை அல்ல, ஆக்சிஜனை. மேலும், காற்றின் அளவை மேனிஃபோல்டு அழுத்தத்தை வைத்துக் கணக்கிடும் கார்களில் காற்று ஓட்டை மெலிவாகத் தெரியாமல் ஐடில் வேகம் ஏறுவதாக மட்டும் தெரியலாம். குறியீட்டைப் படித்ததும் சென்சாரை மாற்றிவிடுவது இன்று பரவலாக நடக்கும் தப்பு வைத்தியம். சென்சார் மாறும், விளக்கு ரெண்டு நாள் அணையும், மறுபடி எரியும்.

*

இந்த எண்களைப் பார்க்கும் உரிமை யாருக்கு என்பது அடுத்த சண்டை. கார்ப்புரேட்டரைத் திறக்க ஸ்குரூ டிரைவர் போதும், அதை எந்தக் கடையிலும் வாங்கலாம். கணினியைத் திறக்கும் கருவியும் கையேடும் கம்பெனியிடம் மட்டும் இருந்தன. இந்தியப் போட்டி ஆணையத்துக்கு 2011-ல் ஒரு புகார் போனது. 2014 ஆகஸ்ட் 25-ல் ஆணையம் 14 கார் நிறுவனங்கள் மீது 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரிபாகங்களையும் நோயறியும் கருவிகளையும் தொழில்நுட்பத் தகவல்களையும் தனிப் பட்டறைகளுக்குக் கிடைக்கவிடாமல் வைத்திருந்தார்கள் என்பது கண்டுபிடிப்பு. வழக்கு மேல்முறையீடுகளுக்குப் போனது. 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் துறை ‘பழுதுபார்க்கும் உரிமை’ பற்றி ஒரு குழுவை அமைத்தபோது வாகனங்களும் அதன் பட்டியலில் இருந்தன.

தீர்ப்புகளுக்குக் காத்திராமல் அரூர் போன்ற ஊர்களுக்கு வழி திறந்துவிட்டது மலிவான ஸ்கேனர்கள்தான். புகைச் சட்டமே ஓ.பி.டி. என்ற பொது இணைப்பைக் கட்டாயமாக்கியதால், புகை சம்பந்தப்பட்ட எண்களை எந்தக் கருவியும் படிக்க முடிகிறது. செல்போனோடு பேசும் சிறு கருவி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. கம்பெனிக்கே உரிய ஆழமான பகுதிகள் இன்னும் பூட்டித்தான் இருக்கின்றன. அதற்குச் சேலத்துக்கோ தருமபுரிக்கோ போக வேண்டும்.

*

நான்காவது மெலிவு கரும்பிலிருந்து வருகிறது. அரூர் வட்டாரத்துக்கு இது தூரத்துச் சமாச்சாரம் அல்ல. கோபாலபுரம் சுப்பிரமணிய சிவா கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வெட்டி அனுப்புகிற வட்டாரம் இது. பெட்ரோலில் 5 சதவீத எத்தனால் கலக்கும் திட்டம் 2003-ல் சில மாநிலங்களில் தொடங்கியது. 2022-ல் 10 சதவீதம். 20 சதவீத இலக்கை 2030-லிருந்து 2025-க்கு முன்னே கொண்டுவந்தார்கள், அதை எட்டியும்விட்டார்கள்.

எத்தனாலின் மூலக்கூறிலேயே ஆக்சிஜன் இருக்கிறது. அதனால் ஒரு கிலோ எத்தனால் எரிய 9 கிலோ காற்றே போதும். 20 சதவீதம் கலந்தால் 14.7 என்ற கணக்கு 13.5-க்கு இறங்குகிறது. சுத்தப் பெட்ரோலுக்கு என்று ஜெட் போட்ட பழைய கார்புரேட்டர் வண்டியில் அதே ஜெட் வழியே இப்போது போவது மெலிந்த கலவை. யாரும் திருகாணியைத் தொடவில்லை, பங்க்கில் பெட்ரோல் போட்டார்கள், அவ்வளவுதான். எம்.பி.எஃப்.ஐ. கார் 7, 8 சதவீதம் கூடுதலாக ஊற்றிச் சமாளித்துக்கொள்ளும். ஆனால் அந்த அளவுக்குத் திருத்தும் இடம் தீர்ந்துபோகும். ஏற்கனவே பம்ப் சோர்ந்து 15 சதவீதத்தில் இருந்த வண்டி இப்போது எல்லையைத் தொட்டு விளக்கை ஏற்றும். ‘எத்தனால்தான் வண்டியக் கெடுத்துடுச்சு’ என்று வண்டிக்காரர் சொல்வார். பாதி உண்மை. எத்தனால் ஒளிந்திருந்த நோயை வெளியே கொண்டுவந்திருக்கிறது.

எத்தனால் பற்றிய தொலைக்காட்சிச் சண்டையில் இந்த வித்தியாசம் காணாமல் போகிறது. எல்லா வண்டியும் நாசம் என்பதும் தப்பு, ஒன்றுமே ஆகாது என்பதும் தப்பு. 2021-ல் வெளியான நிதி ஆயோக் திட்ட அறிக்கையே, கலப்பில்லாத பெட்ரோலுக்கென வடிவமைத்து 10 சதவீதத்துக்குச் சரிசெய்யப்பட்ட நாலு சக்கர வண்டிகளில் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் குறையலாம் என்று மதிப்பிட்டது. யார் எவ்வளவு இழக்கிறார் என்பது வண்டியின் வயதைப் பொறுத்தது. பழைய வண்டி யாரிடம் இருக்கிறது? சித்தேரி மலையடிவாரத்தில் மூன்றாம் கையாக வாங்கிய மாருதி 800-ஐ ஓட்டுபவரிடம். கரும்பு விளைவிப்பவரும் அவராகவே இருக்கலாம். ஆலை பணம் கொடுத்தால் ஒரு கையில் வரவு, பங்க்கில் இன்னொரு கையில் செலவு.

இங்கேதான் பட்டறையின் வேலை முக்கியமாகிறது. பழைய கார்புரேட்டருக்கு ஒரு சைஸ் பெரிய ஜெட் போடலாம், ரப்பர் குழாய்களைப் பார்த்து மாற்றலாம். எம்.பி.எஃப்.ஐ. வண்டியில் டிரிம் எண்ணைப் பார்த்து, இதில் எத்தனாலின் பங்கு எவ்வளவு, பம்ப்பின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்லலாம். 1973-க்குப் பின் சிறிதாக்கிய ஜெட்டை இன்று பெரிதாக்க வேண்டியிருக்கிறது. காது, பிளக் நிறம், டிரிம் எண் மூன்றும் தெரிந்த ஒருவர் அரை மணி நேரத்தில் சொல்லக்கூடிய விடை இது. அது தெரியாத இடத்தில் வண்டிக்காரர் முதலில் சென்சாருக்குக் காசு கொடுப்பார், பிறகு இன்ஜெக்டருக்கு, கடைசியில் பம்ப்புக்கு.

எனவே கேட்க வேண்டியவை பெரிய விஷயங்கள் அல்ல. நோயறியும் தகவல்கள் பூட்டில்லாமல் கிடைக்க வேண்டும். அவை தமிழில் வேண்டும். தொழிற்பயிற்சி நிலையத்தில் படிக்கிற பையனுக்கு ஃபியூல் டிரிம் கற்றுக் கொடுக்கும் அதே வாரத்தில் ஒரு வெளுத்த பிளக்கையும் கையில் கொடுக்க வேண்டும். கலவையை மெலிய வைக்கும் முடிவுகள் வியன்னாவிலும் டெல்லியிலும் எடுக்கப்படலாம். அதற்கான பில் அரூரில்தான் போடப்படுகிறது. அந்தப் பில்லில் எது நியாயம், எது வீண் என்று சொல்லத் தெரிந்த ஒரு ஆள் ஊரில் இருக்க வேண்டும்.